பாஸ் போட்டவர விடுங்க, வாங்கினவர பாருங்க

பிர்லோவா, புஸ்கெட்ஸா, சாபி அலோன்சோவா, க்ரூஸான்னு ஒரு பேச்சு எடுத்தா போதும், ஃபுட்பால் பாக்குற நாலு பேர் சேர்ந்த இடத்துல அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. நானும் அந்தச் சண்டையில ரொம்ப வருஷமா இருக்கேன், இன்னும் இருப்பேன், ஏன்னா இந்த டீப்ல நின்னு ஆட்டத்த நடத்துற மிட்ஃபீல்டர்கள எனக்கு அவ்ளோ புடிக்கும். ஆனா இந்தச் சண்ட எப்பவும் ரெண்டு தடத்துலதான் ஓடுது. ஒருத்தர் ஒரு வீடியோ தூக்கிட்டு வருவாரு, அதுல மைதானத்துக்குக் குறுக்க பறக்குற லாங் பாஸா வரிசையா வரும், பின்னாடி ஒரு பாட்டு வேற. இன்னொருத்தர் பாஸ் கம்ப்ளீஷன் சதவீதத்த எடுத்துப் போட்டு இதோ பாருன்னுவாரு. வீடியோல தப்பிப்போன பாஸ் ஒண்ணுகூட இருக்காது, சதவீதத்துல உயிர் இருக்குற பாஸும் சும்மா பக்கத்துல தள்ளிவிட்ட பாஸும் ஒரே ஒண்ணாதான் எண்ணப்படும். ரெண்டையும் வச்சு யாரையும் யார் கூடவும் ஒப்பிட முடியாது.

நான் ஒப்பிடுறது வேற மாதிரி. பாஸ் போட்டவர நான் பாக்குறதே இல்ல, வாங்குறவரதான் பாப்பேன். பால் வந்து சேர்ற அந்த நொடில அவர் எந்தப் பக்கம் முகம் வச்சு நிக்கிறாரு, பால் எந்தக் கால்ல வந்து விழுது, பக்கத்து எதிராளி எவ்ளோ தூரத்துல இருக்கான், அடுத்த வேலைய ஒரே டச்சுல ஆரம்பிக்க முடியுதா, இல்ல பால அடக்குறதுக்கே ரெண்டு டச் செலவாகுதா. இதுதான் எனக்கு அளவுகோல். நல்ல பாஸ்னா வாங்குறவனோட வேலைல பாதிய போட்டவரே முடிச்சுக் குடுத்துருக்கணும்.

இந்த இடத்தோட கஷ்டத்த முதல்ல சொல்லணும், இல்லன்னா ஒப்பீடே சரியா வராது. சென்டர் பேக்குகளுக்கு, அதாவது நடு டிஃபெண்டர்களுக்கு, முன்னாடி நிக்கிற இந்த மிட்ஃபீல்டர் பெரும்பாலும் பால வாங்கும்போது எதிராளி கோலுக்கு முதுகு காட்டிட்டுதான் வாங்குறாரு. முதுகுக்குப் பின்னாடி ஒருத்தன் ஓடி வர்றான், சத்தம் கேக்கும், ஆளு தெரியாது. அவருக்கும் சொந்த கோலுக்கும் நடுவுல ரெண்டு சென்டர் பேக், ஒரு கோல்கீப்பர், அவ்ளோதான். அங்க பால விட்டா எதிராளிக்கு நேரா சான்ஸ். நம்பர் பத்து, அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி நின்னு ஆடுறவரு, பத்து பாஸ் ட்ரை பண்ணி ஏழு விட்டாலும் மூணு நல்லா போச்சேன்னு கை தட்டுவாங்க, இவரு ஒண்ணு விட்டாலும் மேட்ச் முழுக்க அதத்தான் பேசுவாங்க. அதனால பால் வர்றதுக்கு முன்னாடியே தோள் திருப்பித் திருப்பிப் பாத்து, மனசுல ஒரு படம் எடுத்து வச்சிருக்கணும். வாங்கின பிறகு பாக்கலாம்னு நெனச்சா அங்க நேரமே கிடையாது.

சரி, பாஸுக்கு வருவோம். பத்து மீட்டர் பாஸ் ஒண்ணு, யாரும் வீடியோல சேக்காத பாஸ். ரெண்டு எதிராளிகளுக்கு நடுவுல ஒரு மிட்ஃபீல்டர் பாதி உடம்பு திருப்பி நிக்கிறாரு, வலது கால் முன்னால கோல் பக்கம், இடது கால் பாஸ் வர்ற பக்கம். பால் இடது கால்ல வந்தா அவர் நின்ன இடத்துலயே நிக்கணும், பெரும்பாலும் பால் வந்த வழியே திரும்பிப் போகும். அதே பால் ஒரு அடி தள்ளி, அவர் உடம்பத் தாண்டி வலது கால்ல வந்தா, ஒரே டச்சுல திரும்பி முன்னால ஓட ஆரம்பிச்சுருவாரு. ஸ்டாட்ஸ்ல ரெண்டும் ஒரு கம்ப்ளீட் பாஸ்தான். மைதானத்துல ரெண்டும் வேற வேற ஆட்டம். இன்னொண்ணு, பாஸோட வேகம். மெதுவா உருண்டு வர்ற பால் பாக்க பாதுகாப்பா தெரியும், ஆனா அந்த அர நொடில பிரஸ் பண்றவன், அதாவது பாலப் பறிக்க ஓடி வர்றவன், ரெண்டு அடி கிட்ட வந்துருவான், ஆக அந்த மெதுவான பாஸ போட்டவரு தன் பிரச்சினைய பால் கூட சேத்து அடுத்தவனுக்கு அனுப்பிட்டாருன்னு அர்த்தம். க்ரூஸோட பத்து மீட்டர் பாஸ கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, சத்தமா, நல்லா அடிச்சு அனுப்புவாரு, ஆனா ஒருத்தரும் கண்ட்ரோல் பண்ணத் திணற மாட்டாங்க, ஏன்னா அது துள்ளாது, புல்லோட ஒட்டி வரும், சரியான கால்ல வரும்.

க்ரூஸ் பத்தி பேசணும்னா எனக்கு 2024 ஏப்ரல் 30தான். மியூனிக்ல சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனல் முதல் லெக், பேயர்ன் நல்லா அழுத்தி ஆடிட்டு இருந்தாங்க, க்ரூஸோட ரியல் மாட்ரிட்டுக்கு மூச்சு விடவே நேரமில்ல. 24வது நிமிஷம், க்ரூஸ் கிட்ட பால் இருக்கு. வினிசியஸ் இடது பக்கத்துலேர்ந்து நடுவுக்கு வந்து, பால் கேக்குற மாதிரி க்ரூஸ் பக்கம் இறங்குறாரு, கிம் மின்-ஜே அவர விடாம ஒட்டிக்கிட்டே தன்னோட லைன விட்டு மேல வர்றாரு. இப்ப பாருங்க, க்ரூஸ் பால் போடுறதுக்கு முன்னாடி கையால காட்டுறாரு, அங்க, கிம்முக்குப் பின்னாடி, போ. வினிசியஸ் திரும்பி ஓட ஆரம்பிக்கிறாரு, கிம் சுதாரிக்கிறதுக்குள்ள பால் தரையோட அவரத் தாண்டிப் போயிருச்சு. வினிசியஸ் ஓட்டத்தக் குறைக்கவே வேணாம், முன்னாடி கோல்கீப்பர் நோயர் மட்டும்தான், கோல். அந்த வெற்றிடம் பேயர்ன் தானா விட்டது கிடையாது, வினிசியஸோட அசைவும் க்ரூஸோட காத்திருப்பும் சேர்ந்து உண்டாக்கினது. ஒரு நொடி முன்னாடி போட்டிருந்தா கிம் அங்கயே இருந்திருப்பாரு. ஒரு நொடி பின்னாடின்னா வினிசியஸ் ஆஃப்சைட் போயிருக்கலாம், இல்ல வேற டிஃபெண்டர் மூடியிருப்பான். நான் அந்தக் கோல திரும்பத் திரும்பப் போட்டு வாங்குறவரோட காலையே பாத்திருக்கேன், அவரு ஒரு அடி கூட மாத்தி வைக்கல.

இதே க்ரூஸதான் 2021ல பேயர்னோட முன்னாள் தலைவர் உலி ஹோனெஸ் உட்பட பல பேர் ஜெர்மனில குறுக்கப் பாஸ் போடுறவரு, இவர் காலம் முடிஞ்சுபோச்சுன்னு பேசுனாங்க. அதுக்கப்புறம் 2022லயும் 2024லயும் சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சாரு. கோப்பைய வச்சு நான் வாதாடல, கூட ஆடுனவங்க யாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா குறுக்கப் பாஸ்னு சொல்ற ஆட்கள் ஒரு விஷயத்தப் பாக்குறதில்ல. மாட்ரிட்ல க்ரூஸ் நிக்கிற இடத்தப் பாருங்க, நடுவுல நிக்க மாட்டாரு, இடது சென்டர் பேக்குக்குப் பக்கத்துல வந்து இறங்கிருவாரு, லெஃப்ட் பேக் மார்செலோ மேல போயிருவாரு. அவரப் புடிக்க எதிராளி மிட்ஃபீல்டர் அவ்ளோ தூரம் ஏறி வந்தா நடுவுல ஓட்டை, வரலன்னா க்ரூஸுக்கு நேரம். வலது கால்காரர் இடது பக்கம் நிக்கிறதால மைதானம் முழுசும் அவர் முன்னால விரிஞ்சு கெடக்கும், உள்ள ஒரு பாஸ், இல்லன்னா குறுக்கால வலது பக்க டிஃபெண்டர் கார்வஹாலுக்கு ஒரு பெரிய டயகனல், அதாவது மைதானத்துக்குச் சாய்வா போற நீளப் பாஸ். குறுக்கப் பாஸ் போட்டுப் போட்டு எதிராளி டிஃபென்ஸ் வரிசைய ரெண்டு அடி இப்படி ரெண்டு அடி அப்படின்னு நகத்திக்கிட்டே இருப்பாரு, எப்ப ஒருத்தன் ஒரு அடி பிந்துறானோ அப்ப போகும் அந்தப் பாஸ்.

2024 யூரோ முதல் மேட்ச், ஸ்காட்லாந்த ஜெர்மனி 5-1ன்னு அடிச்சப்ப க்ரூஸ் 102 பாஸ்ல 101 சரியா போட்டாரு. இந்த நம்பர் உலகம் பூரா சுத்துச்சு, சுத்தட்டும், அழகான நம்பர்தான். ஆனா அந்த 101ல எத்தன பேர் பால் வாங்கும்போது முன்னால பாத்து நின்னாங்கன்னு அந்த நம்பர் சொல்லாது.

ஸ்டாட்ஸ் மேல எனக்குக் கோவம் இல்ல, தினம் பாக்குறேன். ஆனா ஒரு கணக்கு எத எண்ணுது, எத விடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு பாக்கணும். இப்ப எல்லாரும் சொல்ற ப்ரொக்ரெஸிவ் பாஸ் எடுத்துக்கங்க. இணையத்துல பரவலா புழங்குன ஒரு விளக்கப்படி, முந்தின ஆறு பாஸ்ல பால் எட்டுன தூரத்தத் தாண்டி குறைஞ்சது 10 யார்டு எதிராளி கோல் பக்கம் கொண்டுபோற பாஸ், இல்ல பெனால்டி பாக்ஸுக்குள்ள போற பாஸ். கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா சொந்தப் பக்கத்து 40 சதவீத மைதானத்துலேர்ந்து போடுற பாஸ் எதுவும் அதுல வராது. டீப் மிட்ஃபீல்டர் பால வாங்கித் திருப்புற இடம் பெரும்பாலும் அந்த 40 சதவீதம்தானே! பிரஸ் பண்ண வந்த மூணு பேர ஒரே பாஸ்ல தாண்டினாலும் அது அந்தக் கணக்குல பூஜ்யம். அத வச்சு புஸ்கெட்ஸையும், இன்னும் மேல ஏறி ஆடுற மிட்ஃபீல்டரான ஒரு நம்பர் எட்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்துறது நியாயமே இல்ல.

பேக்கிங்னு ஒரு கணக்கு இருக்கு, பண்டெஸ்லிகால ஆடுன ஸ்டெஃபான் ரைனார்ட்ஸும் யென்ஸ் ஹெகெலரும் கொண்டு வந்தது. ஒரு பாஸ் எத்தன எதிராளிகளத் தாண்டிப் போச்சுன்னு எண்ணும். இதுல எனக்குப் புடிச்சது, பாஸ் போட்டவருக்கு மட்டும் இல்லாம வாங்கினவருக்கும் பாயிண்ட் குடுக்குறாங்க. ஆடுன ஆளுங்க யோசிச்ச கணக்குன்னு அதுலயே தெரியுது. ரைனார்ட்ஸ் தானே டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர்தான். க்ரூஸ் இந்தக் கணக்குல மேல இருந்தவருன்னு சொன்னா இப்ப ஆச்சரியமா இருக்காது.

பிர்லோ. பேரச் சொன்னாலே எழுத்து நீளமாகுது எனக்கு. இன்னைக்கு அவர டீப் பிளேமேக்கர்னு எல்லாரும் பிறவிலயே அப்டிங்கற மாதிரி பேசுறாங்க, ஆனா அவர் ஆரம்பிச்சது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி நிக்கிற நம்பர் பத்தா. இன்டர்ல இடம் கெடைக்கல, 2001 ஆரம்பத்துல பழைய கிளப்பு ப்ரெஷியாவுக்கே லோன்ல போனாரு. அங்க பத்தாம் நம்பர் இடத்துல யாரு? ராபர்டோ பாஜியோ. அவர யார் நகத்துறது. அதனால கோச் கார்லோ மாட்ஸோனே பிர்லோவ டிஃபென்ஸுக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துனாரு, அவ்ளோதான், ஒரு இடப் பிரச்சினைக்கு எடுத்த முடிவு. 2001 ஏப்ரல் 1, டூரின்ல ஜுவெண்டஸ் கூட மேட்ச், ப்ரெஷியா பின்தங்கி இருக்காங்க, ஆட்டம் முடியப்போகுது. பிர்லோ பின்னாலேர்ந்து ஒரு பால தூக்கி விடுறாரு. அது டிஃபெண்டர்கள் தலைக்கு மேல போய் பாஜியோவோட ஓட்டத்துல இறங்குது. பாஜியோ அந்த இறங்குற பாலோட முதல் டச்சுலயே கோல்கீப்பர் வான் டெர் சார தாண்டிட்டாரு, அடுத்த டச் கோல், 1-1. எல்லாரும் பாஜியோவோட டச்சப் பத்தி பேசுவாங்க, பேச வேண்டிய டச்தான். ஆனா அப்டி ஒரு டச் எடுக்க முடியுற மாதிரி, தோளுக்கு மேல, வேகம் செத்து, சரியா அந்த இடத்துல பால் விழுந்துச்சு பாருங்க, அது பிர்லோ. இதத்தான் சொல்றேன், வாங்குறவனப் பாருங்கன்னு.

அதுக்கப்புறம் மிலான்ல அன்செலோட்டி அதே இடத்த அவருக்கு நிரந்தரமாக்கிட்டாரு, 2003லயும் 2007லயும் சாம்பியன்ஸ் லீக். 2006 உலகக்கோப்பை செமிஃபைனல், டார்ட்மண்ட், ஜெர்மனிக்கு எதிரா 119வது நிமிஷம், அதையும் சொல்லியே ஆகணும். கார்னர் கிளியர் ஆகி பால் பாக்ஸுக்கு வெளியில பிர்லோகிட்ட வருது. எல்லாரும் ஷாட் அடிப்பாருன்னு நெனைக்கிறோம், அவரு அடிக்கல, பாக்ஸ் விளிம்புலயே வலது பக்கமா பால நகத்திக்கிட்டே போறாரு, ஒவ்வொரு டச்சுக்கும் ஒரு ஜெர்மன்காரர் அவர் மேல கண்ண வச்சு நகர்றாரு, கடைசில அந்தப் பக்கம் பாக்காமலே கால உள்ள திருப்பி க்ரோஸோவுக்கு ஒரு சின்னப் பாஸ். க்ரோஸோ இடது கால்காரர், பால் அடக்கவே தேவையில்லாம முதல் டச்சுலயே வளைச்சு அடிக்கிற இடத்துல வந்துச்சு. தூரம் பாத்தா சில மீட்டர்தான், ஆனா அவர் வாழ்க்கைல போட்ட பெரிய பாஸ் அதுதான்னு நான் சொல்லுவேன், அந்த லாங் பால் எல்லாத்தையும் விட.

ஆனா பிர்லோவ ஒப்பிடும்போது ஒரு விஷயத்த மறைக்கக் கூடாது, அவருக்குப் பக்கத்துல எப்பவும் ரெண்டு பேர் அவருக்காக ஓடுனாங்க. மிலான்ல கட்டூசோ, அம்ப்ரோசினி. ஜுவெண்டஸ்ல விடால், மார்கிசியோ. பால விட்டா அடைக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சவர் போடுற பாஸும், தான் ஒருத்தரே நடுவுல நிக்கிறவர் போடுற பாஸும் ஒரே ரிஸ்க் கிடையாது. 2010 மார்ச்சுல ஓல்ட் ட்ராஃபர்ட்ல மான்செஸ்டர் யுனைடெட் கோச் ஃபெர்குசன் பண்ணது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பார்க் ஜி-சங்க பிர்லோ மேலயே விட்டாரு, எங்க போனாலும் பின்னாடி, 90 நிமிஷமும். மிலான் 4-0ன்னு தோத்துச்சு. அதுக்கு நேர் எதிர் 2012 யூரோ குவார்ட்டர் ஃபைனல், கியேவ்ல இங்கிலாந்து அவர ஒருத்தரும் தொடாம விட்டாங்க, அவரு 120 நிமிஷம் ஆட்டத்த தன் இஷ்டத்துக்கு நடத்துனாரு, பெனால்டில அந்த மெதுவான சிப் வேற. ஒரு பாஸர எவ்ளோ நேரம் குடுத்து மதிப்பிடுறோம்ங்கறது பெரிய கேள்வி. நேரம் இருந்தா பிர்லோவுக்கு நிகர் யாருமே இல்ல, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. நேரம் இல்லாதப்போ?

அங்கதான் செர்ஜியோ புஸ்கெட்ஸ் வர்றாரு.

புஸ்கெட்ஸ் பாஸ் போடுறது பாக்க அழகா இருக்காதுன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அதப்போல அழகு வேற கிடையாது. 2008ல கோச் குவார்டியோலா அவர பார்சிலோனா முதல் டீமுக்குக் கொண்டு வந்தப்ப அந்த இடத்துல யாயா டூரே இருந்தாரு, உடம்பாலயும் வேகத்தாலயும் ரெண்டு பேருக்கும் ஒப்பீடே கிடையாது. குவார்டியோலாவே க்ரைஃப் கோச்சா இருந்த டீம்ல அந்த இடத்துல ஆடுனவரு, ஒல்லி, வேகம் கிடையாது, தலையும் பாஸும் மட்டும்தான், அதனால அவருக்கு இந்தப் பையன் கிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. புஸ்கெட்ஸோட ட்ரிக் இதுதான், பிரஸ் பண்ண வர்றவனுக்காகக் காத்திருப்பாரு. மத்தவங்க பிரஸ் வர்றதுக்கு முன்னாடி பால விட்ருவாங்க, இவரு அவன் கால நீட்டுற வரைக்கும் பால வச்சிருப்பாரு, ஒரு தோள் அசைவு, உள்ளங்காலால ஒரு இழுப்பு, அவன் தப்பான பக்கம் சாஞ்சதும் அவன் விட்டு வந்த இடத்துக்கே பாஸ். அப்ப அத வாங்குறவனுக்கு என்ன ஆகுது? அவனப் புடிக்க வேண்டிய ஆள் இப்ப புஸ்கெட்ஸ் காலடில சாஞ்சு கெடக்கான். சாவி வாங்கும்போது, இனியஸ்டா வாங்கும்போது அவங்க சும்மா ஃப்ரீயா இல்ல, புஸ்கெட்ஸ் ஃப்ரீ ஆக்கி விட்டிருக்காரு.

பாஸ் நீளத்துக்கும் பாஸ் பெருமைக்கும் சம்பந்தமே இல்லங்கறதுக்கு ஒரே சாட்சி போதும். 2011 ஏப்ரல் 27, மாட்ரிட்டோட பெர்னபூ மைதானம், சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனல். மெஸ்ஸி புஸ்கெட்ஸுக்கு பால் குடுத்துட்டு அவர நோக்கியே ஓடி வர்றாரு. புஸ்கெட்ஸ் பால ஜஸ்ட் நிறுத்துறாரு, தொட்டு அப்டியே விட்டுட்டாரு. மெஸ்ஸி வேகத்தோட வந்து அத எடுத்துக்கிட்டு நாலு பேரத் தாண்டிப் போய் கோல். அசிஸ்ட், அதாவது கோலுக்கு முந்தின கடைசிப் பாஸ், புஸ்கெட்ஸ் பேர்ல. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், ஆனா அங்க பால திருப்பி மெஸ்ஸிக்கு அடிச்சிருந்தா மெஸ்ஸி நின்னு வாங்கியிருக்கணும், அந்த வேகம் போயிருக்கும். வாங்குறவன் எந்த வேகத்துல வரணுமோ அதே வேகத்துல வர விட்டாரு. பாஜியோவுக்கு பிர்லோ போட்ட அந்த நீளமான பாலுக்கும் இதுக்கும் என் கணக்குல மார்க் ஒண்ணுதான்.

சாபி அலோன்சோ வேற ரகம். லாங் டயகனல்னா அவருதான், அத மறுக்க ஆளே இல்ல, சொந்தப் பாதிலேர்ந்தே 2006ல லூட்டன் மேலயும் நியூகாஸில் மேலயும் கோல் அடிச்ச காலு அது. ஆனா எல்லாரும் தூரத்தப் பாத்து வாயப் பொளக்குறாங்க, நான் உயரத்தப் பாக்குறேன். சாதாரண டயகனல் மேல எழும்பி மெதுவா இறங்கும், அது காத்துல இருக்குற ஒவ்வொரு நொடியும் எதிராளி ஃபுல் பேக் ஓடி வந்து சேந்துக்குவான், விங்கர் கிட்ட பால் வரும்போது முன்னாடி ஆள் நிப்பான், அப்புறம் அவ்ளோ தூரம் போட்டு என்ன பிரயோஜனம். அலோன்சோ பால் தாழப் போகும், தட்டையா, வேகமா, பின்சுழற்சியோட, ஃபுல் பேக் பாதி வழில இருக்கும்போதே விங்கர் கால்ல இருக்கும். மொரின்யோவோட மாட்ரிட் 2011-12ல 100 பாயிண்ட்டும் 121 கோலும் எடுத்துச்சு, அந்த வேகமான எதிர்த் தாக்குதலோட முதல் பாஸ் எத்தன தடவ இவர் கால்லேர்ந்து கெளம்புச்சுன்னு அந்த சீசன் பாத்தவங்களுக்குத் தெரியும். லிவர்பூல்ல மஸ்கெரானோ, மாட்ரிட்ல கெடிரான்னு இவருக்கும் பக்கத்துல ஓட்டக்காரர் இருந்தாரு. குறுகிய இடத்துல, முதுகுல ஆள் இருக்கும்போது, புஸ்கெட்ஸ் மாதிரி காத்திருந்து ஏமாத்துற ஆட்டம் அவர்கிட்ட அந்த அளவு கிடையாது, அவரு அந்த நெருக்கத்துக்குள்ள போகாம முன்னாடியே விட்ருவாரு.

மைக்கேல் கேரிக்க இந்தப் பட்டியல்ல யாரும் சேக்க மாட்டேங்கறாங்க, எனக்கு அது பெரிய வருத்தம். 2006ல யுனைடெட் வந்தாரு, ராய் கீனோட 16ஆம் நம்பர் ஜெர்ஸி, தொடர்ந்து மூணு லீக், 2008ல சாம்பியன்ஸ் லீக். இங்கிலாந்துக்கு ஆடுனது 34 மேட்ச் மட்டும். ஜெரார்டும் லாம்பார்டும் இருந்த காலம்னு சொல்லுவாங்க, ஆனா அந்த ரெண்டு பேரையும் முன்னால பாத்து பால் வாங்க வைக்கிற ஆள் அவருதானே. ரெண்டு லைனுக்கு நடுவுல தரையோட, கொஞ்சம் அழுத்தி, ரூனி ஓட்டத்துலயே எடுக்குற மாதிரி ஒரு பாஸ் போடுவாரு. சத்தமே இல்லாத பாஸ். ஒரு டேக்கிளுக்கு எழுந்து நின்னு கத்துற கூட்டம் அத கவனிக்காது.

ஜோர்ஜின்யோ கதையும் கொஞ்சம் இப்படித்தான். 2018ல கோச் சாரி கூட செல்சிக்கு வந்து முதல் சீசன் முழுக்க அவ்ளோ பாஸ் போட்டும் லீக்ல ஒரு அசிஸ்ட் கூட இல்லன்னு கேலி பண்ணாங்க. அசிஸ்ட்டுக்கு ரெண்டு பாஸ் முன்னாடி யாரு போட்டான்னு பாக்க மாட்டாங்க. 2021ல சாம்பியன்ஸ் லீக்கும் யூரோவும் ஜெயிச்சதும் அதே ஆட்கள் அவர வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருதுக்கே பேச ஆரம்பிச்சாங்க. அவர் ஆட்டம் மாறல. என் பார்வைல அவரு மேல சொன்னவங்களுக்கு ஒரு படி கீழதான், ஏன்னா அவர் பாஸ் பெரும்பாலும் ரிதம் புடிக்கிற பாஸ், வாங்குறவனுக்கு எதிராளிய விலக்கிக் குடுக்குற பாஸ் குறைவு, நெருக்கிப் புடிச்சா பிர்லோ மாதிரியே காணாமப் போவாரு, ஆனா பிர்லோவோட கடைசிப் பாஸ் அவர்கிட்ட இல்ல.

ரோட்ரி பத்தி பாஸ்னு தனியா பேசவே எனக்கு வரல, அவர் ஆட்டம் மொத்தமா ஒண்ணு. 2024 செப்டம்பர்ல ஆர்சனல் மேட்ச்ல முழங்கால் லிகமென்ட் போச்சு, அதுக்கப்புறம் அவரோட மான்செஸ்டர் சிட்டி ஒரு கட்டத்துல 13 மேட்ச்ல ஒரே ஒரு வெற்றின்னு தடுமாறுச்சு, வேற காயங்களும் இருந்துச்சு, எல்லாம் அவரால மட்டும்னு சொல்ல முடியாது. ஆனா அந்த மேட்சுகள்ல டி ப்ரய்னேயும் ஃபோடனும் பால் வாங்குற விதத்தப் பாருங்க, எப்பவும் முதுகக் காட்டிட்டு, எப்பவும் பக்கத்துல ஒரு ஆளோட.

அப்ப என் தீர்ப்பு என்னன்னா, பாஸ்ங்கற ஒரே விஷயத்துக்கு, எல்லா தூரமும், ரெண்டு காலும், எல்லா வேகமும் சேத்து, க்ரூஸ். அவர் போட்ட பாஸ வாங்கி கஷ்டப்பட்ட ஆளத் தேடித்தான் புடிக்கணும். டீப் ரோல்ல தனி ஆளா நின்னு, முதுகுல பிரஸ் இருக்கும்போது போடுற பாஸுக்கு புஸ்கெட்ஸ், இதுல க்ரூஸ் ரெண்டாவதுகூட இல்ல, ஏன்னா அவரு அந்த நெருக்கத்துலேர்ந்து நகந்து போய் ஆடுனவரு. மாட்ரிட்ல அந்தக் குழிக்குள்ள நின்னது கஸெமிரோ. தனியா விட்டா ஒரு மேட்ச்சயே மாத்துற ஒரு பாஸுக்கு பிர்லோ. இந்த மூணு பேரையும் ஒரே ஏணில மேல கீழன்னு நிக்க வைக்கச் சொன்னா வைக்க மாட்டேன், மூணு பேர் செஞ்சதும் மூணு வேற வேலை.

இப்ப இருக்குற ஆட்டத்துல இது இன்னும் கஷ்டமாயிட்டு வருது. 2024 மே 22, டப்ளின்ல யூரோப்பா லீக் ஃபைனல். லெவர்குசன் அந்த சீசன்ல அதுவரைக்கும் ஒரு மேட்ச் கூட தோக்கல, கோச் அதே சாபி அலோன்சோ, நடுவுல அவருக்காகப் பாஸ் போடுறவரு ஷாக்கா. அடலாண்டா வந்து மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் புடிச்சாங்க. ஷாக்கா தலையத் தூக்கிப் பாத்தா முன்னாடி தன் டீம் ஆள் ஒவ்வொருத்தர் மேலயும் ஒருத்தன் ஒட்டிக்கிட்டு நிக்கிறான்ங்கற நிலைமை, யாருக்குப் போட்டாலும் வாங்குறவன் முதுகுல ஆள். லுக்மன் ஹாட்ரிக், 3-0. பாஸோட தரத்த வச்சே வாழ்ந்த ஒருத்தரோட டீம் அப்டி மாட்டுனதப் பாக்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

அந்த மாதிரி புடிச்சா இருக்குற இடத்துலேர்ந்து நல்ல பாஸ் மட்டும் போதாது, முதல் ஆள பாலோட தாண்டிட்டு அப்புறம் பாஸ் போடத் தெரியணும். அதனாலதான் இப்ப எனக்கு விடின்யா. பி.எஸ்.ஜி-ல சென்டர் பேக் காலடிலயே வந்து பால வாங்குவாரு, சின்ன உடம்பு, திரும்புறது கண்ணுக்கே தெரியாது, தாண்டின உடனே அடுத்தவன் வர்றதுக்குள்ள பாஸ் போயிருக்கும். 2025 மே 31, மியூனிக்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், இன்டர் மேல 5-0. 12வது நிமிஷத்துல முதல் கோல், அடிச்சது ஹக்கிமி, அசிஸ்ட் டூவே. டூவேவுக்கு பாக்ஸுக்குள்ள பால் போனது விடின்யா கால்லேர்ந்து, இன்டரோட லைன்களப் பிளந்துக்கிட்டு. டூவே வாங்கின நிமிஷத்துல உடம்பு ஏற்கனவே பாதி திரும்பியிருக்கு, அடக்கிட்டு ஒரு தள்ளு, ஹக்கிமி முன்னாடி காலி கோல். இன்டர் அன்னைக்கு விடின்யாவுக்குக் குடுத்த இடம் அதிகம்தான், அது எனக்கும் தெரியும். அடலாண்டா டப்ளின்ல புடிச்ச மாதிரி ஒரு டீம் ஒரு பெரிய நாக் அவுட் மேட்ச்ல அவர 90 நிமிஷமும் புடிச்சு வச்சா, அவர்கிட்டேர்ந்து வாங்குற ஆட்கள் எப்படி நிக்கிறாங்கன்னு பாத்துட்டுதான் அவர புஸ்கெட்ஸ் பக்கத்துல வைக்கலாமா வேணாமான்னு நான் பேசுவேன்.